மறைக்க எங்களிடம் என்ன இருக்கிறது?

‘மடியில கனம் இருந்தாத்தான் வழியில பயம்’ என்று ஒரு பழமொழி இருக்கிறது. ஆதார் பற்றிப் பேசினாலும் சரி, நம்முடைய போன் நம்பரும் கைரேகையும் கடைச்சரக்காகிவிட்டது பற்றிப் பேசினாலும் சரி, கூட்டத்தில் யாராவது ஒருவர் எழுந்து இந்தப் பழமொழியைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார். ஒளித்து வைக்க எதுவும் இல்லாதவனுக்கு ரகசியம் எதற்கு என்பது அவர் கேள்வி. பெரும்பாலும் நல்ல மனிதராகத்தான் இருப்பார். சில சமயம் நம்ம தோழராகவே இருப்பார். ‘சோத்துக்கே வழியில்லாத ஜனத்துக்குத் தனியுரிமை ஒரு கேடா?’ என்றும் சேர்த்துச் சொல்வார்.

தமிழ் எம்.ஏ. படித்த எனக்குப் பழமொழிகள் மேல் மரியாதை உண்டு. ஆனால் பழமொழிக்கும் சாதி உண்டு. இது யாருடைய மடி? யாருடைய வழி? பணமுடிப்போடு ஊர்விட்டு ஊர் போனவன் சொன்ன பழமொழி இது. எங்க ஆயா மடியில் வெற்றிலை பாக்கைத் தவிர ஒரு நாளும் கனம் இருந்ததில்லை. ஆனாலும் வழியில் பயம் இருந்தது. ஊர்த் தெருவைத் தாண்டும்போது திண்ணையிலிருந்து ஒரு குரல் வரும்: ‘யாரு அது?’ ஆயா நின்று பதில் சொல்ல வேண்டும். தன் பெயரைச் சொன்னால் போதாது. யார் பண்ணையில் வேலை செய்கிற யாருடைய பெண்டாட்டி, எங்கே போகிறாள், எதற்குப் போகிறாள், எல்லாம் சொல்ல வேண்டும். திண்ணையில் இருப்பவரைப் பார்த்து ஆயா ‘நீ யாரு?’ என்று கேட்க முடியாது.

தனியுரிமை என்று இன்று பேசப்படுகிற விஷயம் முழுவதும் எனக்கு இந்தத் திண்ணையில் அடங்கியிருக்கிறது. ரகசியம் இருக்கிறதா இல்லையா என்பது இரண்டாவது கேள்வி. கேட்கிற அதிகாரம் யாருக்கு, சொல்லியே தீர வேண்டிய கட்டாயம் யாருக்கு என்பதுதான் முதல் கேள்வி. அந்தரங்கம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு இதைப் படுக்கையறை சமாச்சாரமாக ஆக்கிவிட்டார்கள். ஒற்றை அறைக் குடிசையில் படுக்கையறையே கிடையாது. அதனால் சேரிக்காரனுக்கு இந்த உரிமையும் தேவையில்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

*

‘கைநாட்டு’ என்பது தமிழில் ஒரு வசைச்சொல். படிக்காதவனை, கையெழுத்துப் போடத் தெரியாதவனை ‘கைநாட்டுப் பய’ என்பார்கள். இந்த வசைக்குப் பின்னால் ஒரு கொள்ளையின் வரலாறு இருக்கிறது. செங்கல்பட்டு கலெக்டராகப் பொறுப்பு வகித்த ட்ரெமென்ஹீர் பறையர்களின் நிலை பற்றி 1891 இல் அறிக்கை கொடுத்தார். அதன் பிறகு 1892 இல் வந்த அரசாணையின்படி ஒடுக்கப்பட்ட சாதியாருக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. பஞ்சமி நிலம் என்கிறோம். மாகாணம் முழுவதும் ஏறக்குறைய 12 லட்சம் ஏக்கர் என்று தலித் இயக்கங்கள் சொல்லி வருகின்றன. பத்து வருஷத்துக்கு விற்கக்கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கு மட்டுமே விற்கலாம் என்று நிபந்தனை போட்டுத்தான் கொடுத்தார்கள். அந்த நிலம் இன்று யார் கையில் இருக்கிறது? எப்படிப் போனது? கடனுக்கு, கல்யாணத்துக்கு, நெல்லுக்கு என்று வெற்றுப் பத்திரத்தில் வைத்த பெருவிரல் வழியாகப் போனது. எழுதியது வேறு ஆள், படித்துக் காட்டியது வேறு ஆள், விரல் மட்டும் எங்களுடையது. அந்த நிலத்தைத் திரும்பக் கேட்டதற்காக 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். காரணைப் போராட்டம் என்று நாம் நினைவு வைத்திருப்பது அதைத்தான்.

ஆகவே ‘பயோமெட்ரிக் மோசடி’ என்று ஆங்கிலப் பத்திரிகைகள் புதுசு போல எழுதுவதைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. எங்களுக்கு அது பாட்டன் காலத்துச் சங்கதி.

விரலை மையில் தோய்த்து ஆளை அடையாளம் காணும் ஏற்பாடே இந்த நாட்டில்தான் நிர்வாகத்துக்குள் வந்தது. 1858 இல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கில அதிகாரி, சாலை போடச் சரக்கு கொடுக்க வந்த ஒப்பந்தக்காரர் ஒருவரின் உள்ளங்கையை மையில் தோய்த்து ஒப்பந்தத்தில் பதியவைத்தார். பின்னால் அந்த ஆள் ‘நான் போட்ட கையெழுத்தில்லை’ என்று மறுக்காதபடி மிரட்டி வைக்கத்தான் அப்படிச் செய்ததாக ஹெர்ஷலே பின்னாளில் எழுதியிருக்கிறார். கவனிக்க வேண்டும். தொடக்கத்திலேயே ரேகை அறிவியலாக வரவில்லை, மிரட்டலாக வந்திருக்கிறது. ‘உன்னை நம்ப மாட்டேன், உன் உடம்பைத்தான் நம்புவேன்’ என்பதுதான் அதன் பொருள். 1897 இல் கல்கத்தாவில் போலீசின் ரேகைப் பிரிவு ஏற்பட்டது. ரேகைகளை வகைப்படுத்தும் கணக்கைப் போட்டுக்கொடுத்தவர்களில் அஜிஜுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்கள் இருந்தார்கள். பெயர் கிடைத்தது மேலதிகாரி எட்வர்ட் ஹென்றிக்கு.

குற்றப் பரம்பரைச் சட்டம் 1871 இல் வந்தது. 1911 சட்டத்தின் வழியாக அது சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. பிறந்த சாதியைக் காரணம் காட்டி மனிதர்களின் ரேகையைப் பதிவு செய்தார்கள். மதுரைப் பக்கத்து ஜனங்கள் அந்தச் சட்டத்துக்கு வைத்த பெயரே ‘ரேகைச் சட்டம்’. 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்து நின்றவர்கள் மீது போலீஸ் சுட்டது. 16 பேர் செத்தார்கள். செத்தவர்கள் பிரமலைக் கள்ளர்கள். அந்தப் பகுதியில் அந்தச் சாதிக்கும் நமக்கும் தீராத வழக்குகள் உண்டு. அதைப் பூசி மெழுக வேண்டியதில்லை. ஆனாலும் அன்று அவர்கள் கேட்ட கேள்வி சரியான கேள்வி. ‘ஒரு தப்பும் செய்யாத என் விரலை நீ எதுக்குக் கேக்கற?’ மடியில் கனமில்லாதவன்தான் அந்தக் கேள்வியைக் கேட்டான். குறவர் தொடங்கி எத்தனையோ சமூகங்கள் அந்தக் கேள்வியைக் கேட்கக்கூட முடியாமல் பதிவேட்டில் ஏறின. 1952 இல் நாடு முழுவதும் அந்தச் சட்டம் ஒழிந்தது என்றார்கள். ‘வழக்கமான குற்றவாளிகள்’ என்ற பெயரில் வேறு சட்டங்கள் வந்தன. சிறைப் பதிவேடுகளில் சாதிக்கென்று ஒரு பத்தி தொடர்ந்தது. 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பத்தியை நீக்கச் சொன்னது. ஒரு பத்தியை நீக்குவதற்குச் சுதந்திரத்துக்குப் பிறகு 77 வருஷம் ஆகியிருக்கிறது.

*

இனி இன்றைய மிஷினுக்கு வருவோம். முதல் ஆதார் எண் 2010 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் தெம்பிலி என்ற ஆதிவாசிக் கிராமத்தில் கொடுக்கப்பட்டது. டில்லியிலோ பம்பாயிலோ பணக்காரர்கள் குடியிருக்கும் தெருவில் தொடங்கவில்லை. ஏழைகளுக்கு அடையாளம் கொடுக்கிறோம் என்றார்கள். அந்த வாக்கில் ஒரு நியாயம் இருந்தது. ரேஷன் கார்டு கிடைக்காமல், பேங்க் வாசலில் விரட்டப்பட்டு, ‘நீ யாருன்னு எவன் சொல்லுவான்’ என்று கேட்கப்பட்டவர்களுக்கு ஒரு அட்டை பெரிய விஷயம்தான். கிராம முன்சீப்பின் தயவில்லாமல், பண்ணையாரின் சிபாரிசு இல்லாமல் நான் நானாக இருக்க ஒரு எண். இதை மறுத்துப் பேசுகிறவர்கள் எங்கள் தெருவுக்கு வந்ததில்லை என்பேன்.

ஆனால் அந்த எண்ணோடு பணம் எப்படிச் சேர்ந்தது என்று பார்க்க வேண்டும். ஆதார் வழியாகப் பணம் எடுக்கும் ஏற்பாட்டில் மூன்று விஷயம் போதும்: வங்கியின் பெயர், ஆதார் எண், விரல் ரேகை. ரகசிய எண் வேண்டாம், ஓடிபி வேண்டாம். கிராமத்துக்கு வரும் ஆள் சின்ன மிஷினை நீட்டுவார், கிழவி விரலை வைப்பாள், பணம் வரும். இதில் முதல் இரண்டு விஷயமும் ரகசியமே இல்லை. ஆதார் நகலை எத்தனை ஜெராக்ஸ் கடையில் விட்டுவிட்டு வந்திருக்கிறோம், குழுக் கடனுக்கு எத்தனை பேரிடம் கொடுத்திருக்கிறோம், கணக்கே கிடையாது. தமிழ்நாட்டு ரேஷன் பட்டியலில் இருந்து ஏறக்குறைய 50 லட்சம் பேரின் விவரங்கள் வெளியே வந்துவிட்டதாக 2021 ஜூனில் ஒரு தனியார் கணினிப் பாதுகாப்பு நிறுவனம் சொன்னது. மிச்சம் இருப்பது ரேகை. அதுவாவது பத்திரமா?

பத்திரம் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள். இங்கே இரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன. 2018 இல் தெலங்கானாவில் சிம் கார்டு விற்கும் ஒருவர் பத்திரப் பதிவுத் துறையின் இணையதளத்திலிருந்து நிலப் பத்திரங்களை இறக்கி, அதிலிருந்த பெருவிரல் ரேகைகளை அச்செடுத்து, ரப்பர் விரல் செய்து, ஆயிரக்கணக்கான சிம் கார்டுகளை உயிர்ப்பித்தார். 2023 இல் பெங்களூரில் இதே வழியில், கர்நாடகப் பதிவுத் துறையின் பத்திரங்களில் இருந்த ரேகையை நகலெடுத்து, ஜனங்களின் கணக்கிலிருந்து பணம் எடுத்த கும்பலைப் போலீஸ் பிடித்தது. பத்திரத்தில் வைத்த பெருவிரலால் அன்று நிலம் போனது. இன்று அதே பெருவிரலால் வங்கியில் கிடந்த கூலி போகிறது. பாஸ்வேர்டு திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம். விரலை எங்கே போய் மாற்றுவது?

இதில் இன்னொரு கொடுமை. திருடனுக்குத் திறக்கிற மிஷின் சொந்தக்காரனுக்குத் திறப்பதில்லை. கல்லுடைத்த விரலில், செங்கல் சூளையில் வெந்த விரலில், நாற்று நட்டு ஊறின விரலில், சுண்ணாம்பும் ஆசிடும் பட்ட விரலில் ரேகை தேய்ந்துபோகிறது. தமிழ்நாட்டு ரேஷன் கடைகளுக்கு 2020 அக்டோபரில் ரேகை மிஷின் வந்தபோது வரிசையில் நின்று ‘விழல, விழல’ என்று விரலைத் துணியில் துடைத்துத் துடைத்து வைத்த கிழவிகளை எல்லோரும் பார்த்தோம். வேலை செய்யாதவன் விரல் பளிச்சென்று விழுகிறது. உழைத்தவன் விரலை மிஷின் ‘நீ நீயில்லை’ என்கிறது. ஜார்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 2017 செப்டம்பரில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி செத்தாள். ஆதாரோடு இணைக்காததால் குடும்பத்தின் ரேஷன் கார்டு ரத்தாகியிருந்தது. சோறு சோறு என்று கேட்டபடி செத்தாள் என்றார் தாய். மலேரியா என்றது அரசாங்கம். தாயின் வார்த்தைக்கும் மேலே ஒரு சான்று தேவைப்படுகிற நாட்டில்தான் நாம் அடையாளம் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

*

பணம் போன பிறகு நடப்பதுதான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது. ‘நீ ஏன் குடுத்த?’ போலீஸ் ஸ்டேஷனில் இதைத்தான் கேட்கிறார்கள், வங்கியிலும் இதைத்தான் கேட்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் பெற்ற மகனும் இதையே கேட்கிறான்.

எங்கள் தெருவில் பெரியம்மா முறையில் ஒருவர். நூறுநாள் வேலைக் கூலி கணக்கில் விழுந்திருந்த சமயம். மிஷின் வைத்திருந்த ஆள் ‘ரேக சரியா விழல, இன்னொருவாட்டி வையிம்மா’ என்றிருக்கிறார். வைத்தார். முதல்வாட்டியே விழுந்துவிட்டது என்பது பல நாள் கழித்துத்தான் தெரிந்தது. இரண்டாவதுவாட்டி எடுத்த பணம் அந்த ஆள் பைக்குப் போயிருந்தது. செய்தி வந்த போனில் எழுத்து இங்கிலீஷ். அதைப் படித்துச் சொல்லவும் அதே ஆளிடம்தான் போக வேண்டும். பெரியம்மா என்னிடம் கேட்டார்: ‘வெக்காதன்னு சொல்றீங்களே, வெக்கலன்னா அவன் காசு தருவானா?’ எனக்குத் தெரிந்த எந்த விழிப்புணர்வு நோட்டீசிலும் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

‘யாரிடமும் ஓடிபி சொல்லாதீர்கள்’ என்ற அறிவுரை, சொல்லாமல் இருக்கும் வசதி உள்ளவனுக்கான அறிவுரை. படிக்கத் தெரிந்த, சொந்தமாகப் போன் உள்ள, வங்கியில் உட்காரச் சொல்லி நாற்காலி போடப்படுகிறவனுக்கானது. மற்றவர்களுக்கு நம்புவதைத் தவிர வேறு வழி விடப்படவில்லை. வேறு வழியில்லாமல் நம்புவதை அலட்சியம் என்று பெயர் வைத்துக் குற்றமாக்குவது எந்த அறம்? ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வகுத்த விதி ஓரளவுக்கு நியாயமாகத்தான் இருந்தது: வெளியாள் மோசடியில் பணம் போய், மூன்று வேலைநாளுக்குள் புகார் கொடுத்தால் வாடிக்கையாளருக்கு நஷ்டமில்லை, தப்பு வாடிக்கையாளருடையது என்றால் அதை நிரூபிக்க வேண்டியது வங்கி. ஆனால் ரகசிய விவரத்தை வாடிக்கையாளர் ‘அலட்சியமாக’ப் பகிர்ந்திருந்தால், புகார் கொடுக்கும்வரை போன பணம் அவர் தலையில்தான் என்றும் அதே விதி சொன்னது. அந்த ஒரு சொல்லின் சந்துக்குள்தான் ஏழையின் பணம் எல்லாம் போகிறது.

2024 ஆம் ஆண்டில் மட்டும் இணைய மோசடியில் நாட்டு மக்கள் இழந்தது 22,845 கோடி ரூபாய்க்கு மேல் என்று ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. இவ்வளவு பணம் கைநாட்டுகளிடம் மட்டும் இருந்து போகவில்லை. ‘டிஜிட்டல் கைது’ என்று வீடியோவில் போலீஸ் உடுப்போடு வந்து மிரட்டியவனிடம் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் டாக்டர்களும் பேராசிரியர்களும் லட்சம் லட்சமாகக் கொடுத்திருக்கிறார்கள். சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. அவர்கள் ஏமாந்தால் செய்தி ‘மோசடிக் கும்பல் கைவரிசை’ என்று வருகிறது. நம்மவர்கள் ஏமாந்தால் ‘படிப்பறிவில்லாத மக்கள்’ என்று வருகிறது. உண்மையில் இரண்டு இடத்திலும் வேலை செய்தது அறியாமை அல்ல. காக்கி உடுப்பின் குரல் கேட்டதும் வருகிற பயம். அந்தப் பயத்தைப் படித்த வர்க்கம் இப்போதுதான் அறிமுகம் செய்துகொள்கிறது. சேரிக்கு அது பழைய சொந்தம்.

மோசடி செய்கிறவன் தன் முகத்தை மறைக்கவும் நம் முகம்தான் வேண்டியிருக்கிறது. இரண்டாயிரம் மூவாயிரம் கொடுத்து ஏழையின் வங்கிக் கணக்கை வாங்கிக்கொள்கிறார்கள். திருட்டுப் பணம் அதில் வந்து அதிலிருந்து போகிறது. போலீஸ் வரும்போது கதவு தட்டப்படுவது கணக்குக்காரனின் குடிசையில். 2020 இல் ஜார்கண்டில் சிறுபான்மைப் பள்ளிப் பிள்ளைகளின் உதவித்தொகையில் நடந்த ஊழல் வெளியே வந்தது. வங்கி ஏஜெண்டுகளும் இடைத்தரகர்களும் பள்ளிக்காரர்களும் கூட்டுச் சேர்ந்து ஏழைகளின் ஆதாரையும் ரேகையையும் வைத்தே அந்தப் பணத்தைத் தின்றிருந்தார்கள். பெயர் ஏழையுடையது, வயிறு வேறு ஆளுடையது.

*

மறைத்தலும் மோசடியும் ஒன்றா? இதுதான் நாம் நின்று யோசிக்க வேண்டிய இடம்.

அமெரிக்காவில் படித்துவிட்டுப் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குப் போன அம்பேத்கருக்கு அந்த நகரத்தில் தங்க இடமில்லை. ஒரு பார்சி விடுதியில், பதிவேட்டில் பார்சிப் பெயரை எழுதித் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு பத்துப் பன்னிரண்டு பேர் வந்து நின்றார்கள். ‘நீ யார்?’ என்று கேட்டார்கள். விடுதியைத் தீட்டாக்கிவிட்டாய் என்று வெளியே துரத்தினார்கள். ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற நூலில் அவரே இதை எழுதியிருக்கிறார். கணினிக்காரர்களின் இன்றைய பாஷையில் சொன்னால் அது ‘போலி அடையாளம்’. அப்படியானால் அண்ணல் செய்தது மோசடியா?

இல்லை. ஏன் இல்லை என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அவர் யாருடைய பொருளையும் எடுக்கவில்லை. தங்கியதற்கு நாளுக்கு ஒன்றரை ரூபாய் வாடகை பேசியே தங்கினார். எந்த விவரத்தைக் கேட்பதற்கு யாருக்கும் உரிமையில்லையோ அந்த விவரத்தை மட்டும் மறைத்தார். கேள்வியே அநியாயமாக இருக்கும்போது உண்மையான பதில் சொல்லும் கடமை யாருக்கும் கிடையாது. மோசடிக்காரன் மறைப்பது எடுப்பதற்காக. நாம் மறைப்பது இருப்பதற்காக. இந்த இரண்டையும் ஒரே தராசில் வைத்து ‘வெளிப்படையாக இரு’ என்று உபதேசிக்கிற அறம் தடியோடு வந்தவர்களின் அறம்.

நகரத்தில் வாடகைக்கு வீடு தேடிய தலித் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ‘நீங்க சைவமா?’ என்று தொடங்கி ‘சொந்த ஊர்ல எந்தத் தெரு?’ என்று முடிகிற விசாரணை எல்லோருக்கும் மனப்பாடம். முன்பு வீட்டுக்காரர் வாயால் கேட்டார். இனி கேட்காமலே தெரிந்துகொள்ளலாம். கல்லூரிச் சேர்க்கைப் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் சாதிப் பிரிவைப் போட்டு இணையத்தில் ஏற்றிவிடுகிறார்கள். பத்து வருஷம் கழித்தும் அது தேடினால் கிடைக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவன் கூடப் படித்தவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டான். தடுக்கப் போன தங்கையும் வெட்டுப்பட்டாள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 இல் கொடுத்த அறிக்கையில், வகுப்பு வருகைப் பதிவேட்டில் மாணவரின் சாதி விவரம் இருக்கக்கூடாது என்று பரிந்துரைத்தது. பதிவேடு கத்தி போல வெட்டும் என்று ஒரு நீதிபதிக்குத் தெரிந்திருக்கிறது.

சட்டம் எழுதுகிறவர்களுக்கும் ஒரு காலத்தில் தெரிந்திருந்தது. தனிநபர் விவரப் பாதுகாப்புக்கான 2018 வரைவிலும் 2019 மசோதாவிலும் உடல்நலம், ரேகை ஆகியவற்றோடு ‘சாதி அல்லது பழங்குடி’ என்ற விவரமும் கூடுதல் பாதுகாப்புக்குரியது என்று எழுதியிருந்தார்கள். 2023 இல் நிறைவேறிய சட்டத்தில் அந்த வகைப்பாடே இல்லை. சாதியும் செருப்பு அளவும் இப்போது சட்டத்தின் முன் ஒரே ரகத் தகவல்.

*

இங்கே நம் பக்கத்திலிருந்தே ஒரு மறுப்பு வரும். வர வேண்டும். ‘தலித் என்று தலைநிமிர்ந்து சொல் என்றுதானே இயக்கம் சொல்லிக்கொடுத்தது? சாதிவாரிக் கணக்கெடு என்று கேட்கிறோம். இடஒதுக்கீட்டுக்குச் சான்றிதழ் நீட்டுகிறோம். வன்கொடுமை வழக்கில் சாதியைச் சொன்னால்தான் வழக்கே நிற்கும். இப்போது போய் மறைக்கும் உரிமை கேட்பது பின்வாங்கல் இல்லையா?’

இல்லை. மேடையில் நின்று நானே சொல்வது ஒன்று. நான் தூங்கும்போது என் பெட்டியைத் திறந்து நீ படிப்பது வேறொன்று. முதலாவதில் நான் பேசுகிறேன், இரண்டாவதில் நான் பேசப்படுகிறேன். 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்படும் என்று 2025 ஏப்ரலில் ஒன்றிய அரசு அறிவித்திருக்கிறது. கேட்கட்டும், பதில் சொல்வோம். எத்தனை பேர், எத்தனை ஏக்கர், எத்தனை வேலை என்று தெரிய வேண்டும். அது கூட்டத்தின் கணக்கு. அதிலிருந்து என் பெயரைத் தனியே உருவி எடுக்கக்கூடாது என்று 1948 கணக்கெடுப்புச் சட்டமே தடுத்திருக்கிறது. எண்ணப்படுவது உரிமை. வேவு பார்க்கப்படுவது அடிமைத்தனம். சொல்வதற்கும் சொல்லாமல் இருப்பதற்கும் சேர்ந்து இருப்பதுதான் சுயமரியாதை.

ஏழைக்குச் சோறு போதும், தனியுரிமை மேட்டுக்குடிக் கவலை என்ற வாதம் உச்ச நீதிமன்றம்வரை போனது. 2017 ஆகஸ்டு 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தனியுரிமை அடிப்படை உரிமை என்றார்கள். ஏழைக்குக் குடிமை உரிமை வேண்டாம், பொருளாதாரம் போதும் என்கிற பல்லவியைச் சொல்லித்தான் வரலாற்றில் மிக மோசமான உரிமைப் பறிப்புகள் நடந்தன என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. ஆதாரை எதிர்த்து வழக்குப் போட்டவர்களில் ஒருவர் பெஜவாடா வில்சன். கையால் மலம் அள்ளும் கொடுமைக்கு எதிராக வாழ்க்கை முழுவதும் போராடுகிறவர். அவரைப் பார்த்து மேட்டுக்குடி என்று யார் சொல்வார்கள்? ஆனால் 2018 செப்டம்பரில் வந்த ஆதார் தீர்ப்பு என்ன செய்தது? சிம் கார்டுக்கும் வங்கிக் கணக்குக்கும் ஆதார் கட்டாயமில்லை என்றது. வருமான வரிக்கும், மானியத்துக்கும், ரேஷன் போன்ற உதவிகளுக்கும் கட்டாயம் செல்லும் என்றது. வரி கட்டுகிறவனுக்குக் கட்டாயம் ஒரு கணக்கோடு நின்றுவிடுகிறது. அரிசி வாங்குகிறவனுக்கு மாதாமாதம் விரலை வைக்க வேண்டியிருக்கிறது.

மேலே இருப்பவர்களுக்குத் திரை வேறு தடிமனாகிறது. 2023 சட்டத்தின் 44(3) பிரிவு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைத் திருத்தியது. பொதுநலன் கருதித் தனிநபர் விவரத்தைத் தரலாம் என்று அந்த உட்பிரிவில் இருந்த வாசகம் போய்விட்டது. ஆதிதிராவிடர் நலப் பணம் யார் வழியாக எங்கே போனது, பஞ்சமி நிலத்தின் பட்டா எந்தப் பெயரில் இருக்கிறது என்று மனுப்போட்டால் இனி ‘அது தனிநபர் விவரம்’ என்று பதில் வரலாம். பார்க்கப்பட வேண்டியவன் திரைக்குப் பின்னே. திரை வேண்டியவள் தெருவில். திண்ணை அதே இடத்தில்தான் இருக்கிறது. அதற்கு இப்போது கணினி போட்டிருக்கிறார்கள்.

ஆகவே நம் கேள்வியை மாற்றிப் போடுவோம். ‘நீ ஏன் கொடுத்தாய்?’ என்பதல்ல, ‘நீ ஏன் கேட்டாய், வாங்கி என்ன செய்தாய்?’ என்பதே கேள்வி. விரலைக் கேட்கிறவன்தான் பதில் சொல்லக் கடமைப்பட்டவன். இதிலிருந்து சில கோரிக்கைகள் தானாக வரும். விரல் வைக்கிற ஒவ்வொரு முறையும் எவ்வளவு பணம், எதற்கு என்று தமிழில் அச்சிட்ட சீட்டு கையில் தர வேண்டும். ரேகை விழவில்லை என்ற காரணத்துக்காக ஒரு படி அரிசிகூட மறுக்கப்படக்கூடாது. ரேகை வழியில் பணம் போனால் முதலில் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பிறகு விசாரிக்க வேண்டும். கணக்கை இழந்த ஏழையை முதல் குற்றவாளியாக்காமல் சாட்சியாக நடத்த வேண்டும். சாதி விவரத்துக்குச் சட்டத்தில் தனிக் காவல் வேண்டும். இது நடக்கும்வரை நம் சங்கங்களும் குழுக்களும் செய்ய வேண்டிய வேலையும் இருக்கிறது. பணம் போனால் உடனே 1930 எண்ணுக்குச் சொல்ல வேண்டும், வங்கியில் எழுத்துப் புகார் கொடுத்து ஒப்புகை வாங்க வேண்டும், ஆதாரில் ரேகையைப் பூட்டி வைக்கும் வசதியை வேண்டியவர்களுக்குச் செய்து கொடுக்க வேண்டும். இதைத் தெருவுக்கு ஒருவர் கற்றுக்கொண்டால் போதும்.

இவை சின்னக் கோரிக்கைகளாகத் தெரியலாம். ஆனால் வெற்றுப் பத்திரத்தில் ரேகை வாங்கியவன் அன்றைக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கக் கட்டாயப்படுத்தப்பட்டிருந்தால், பஞ்சமி நிலம் இன்று நம்மிடம் இருந்திருக்கும்.